இருபத்தேழு சட்டங்களும் ஒரு மொட்டைமலையும்

போன சனிக்கிழமை பின்னேரம் வீடு முழுக்க உடுப்புச் சவர்க்கார வாசம். துவைக்கிற நாளும் இல்லை. போய்ப் பார்த்தால் என் மகள் விறாந்தையில் உட்கார்ந்து, கட்டிச் சவர்க்காரத்தைத் தண்ணீரில் தோய்த்துப் புத்தம் புதிய சொக்ஸில் தேய்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் கூட்டாளிகளோடு மலையேறப் போகிறாளாம். காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டைக்கு இதுதான் மருந்து என்று யாரோ சொன்னார்களாம்.

"எப்ப பிளான் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"இப்பத்தான்மா, டீ குடிக்கையில" என்றாள். போனையும் காட்டினாள். ஒருத்தி 'நாளைக்கு ரிவர்ஸ்டன் பக்கம் போவமா?' என்று கேட்டிருக்கிறாள். ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். திட்டம் அவ்வளவுதான்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் என்று கேளுங்கள். எங்கள் குடும்பமும் ஒருமுறை மலையேறியது. அந்த ஒரு நாள் பயணத்துக்குத் திட்டம் போட என் அப்பா எடுத்துக்கொண்டது நான்கு மாதம்.

அப்பா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, இவ்வளவு பேர் கொழுந்துக்கு, இவ்வளவு பேர் புல்வெட்டுக்கு என்று ஆட்களைப் பிரித்து, பேர் பதிந்து அனுப்பிவிட்டு, பகல் முழுக்க அவர்கள் பின்னால் ஏறி இறங்குகிற உத்தியோகம். பயந்த ஆள் என்று சொல்ல முடியாது. பாம்பைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டுவிட்டுத் தன் பாட்டில் போவார். ஆனால் ஒருமுறை அவருடைய மேற்பார்வையில் ஓர் அக்கா மழைத்தண்ணி ஓடுகிற கானில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. அதற்கு அப்பா மூன்று பிரதியில் அறிக்கை எழுதினார். எழுதியது சரியில்லை என்று தோட்டத்தை நடத்துகிற துரை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். அதோடு ஆள் மாறிவிட்டார். எந்தக் கல்லைப் பார்த்தாலும் அதற்குள் ஓர் அறிக்கை உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

அம்மாவுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. தகரக்கூரை, நீட்டுக்கு ஒரே அறை, ஏணைகள், எந்நேரமும் பால்மா வாசம். இன்றைக்கும் பால்மா டின்னைத் திறந்தால் எனக்கு யாரோ அழுகிற சத்தம் கேட்கும். அந்தக் காம்பராவின் வாசலுக்கு நேர் எதிரே நிற்பதுதான் மொட்டைமலை. சிங்களத்தில் அதற்கு வேறு பெயர். உச்சியில் மரம் இல்லாமல் வெறும் மானாப்புல்லாய் நிற்பதால் நாங்கள் அப்படிச் சொல்வோம். பதினான்கு வருடமாக அம்மா யாராவது பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த மலையைக் காட்டிக் காட்டித்தான் சோறூட்டியிருக்கிறார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது அம்மா திடீரென்று கேட்டார்.

"என்னாங்க, ஒரு நாளைக்கு அந்த மொட்டமலையில ஏறிப் பாப்பமா?"

"அங்க என்னா இருக்கு?"

"அங்க ஒன்னும் இல்லதான். அங்க நின்னு பாத்தா நம்ம பிள்ளக்காம்பரா எப்பிடித் தெரியும்னு பாக்கணும். இம்புட்டு வருசமா அது நம்மளப் பாக்குது. நம்ம ஒருக்கா அங்கேர்ந்து பாக்க வேணாமா?"

அம்மா அப்பாவிடம் தனக்கென்று எதையும் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திருநாளுக்குச் சேலைகூடக் கேட்கமாட்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். இல்லை என்று சொல்ல வாய் வராத இடத்தில் அவர் சொல்வது ஒன்றுதான்.

"பிளான் பண்ணித்தான் போவணும்."

அன்றைக்கே ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஆட்களின் பேர் பதிகிற பெரிய புத்தகம் அது. முதல் பக்கத்தில் எங்கள் நான்கு பேரின் பெயரும் ஏறியது. அப்பா, அம்மா, பதினொரு வயதில் நான், எட்டு வயதில் தங்கச்சி. அதற்குக் கீழே சட்டங்கள். முதலாம் சட்டம், வெறுங்காலோடு யாரும் ஏறக்கூடாது. நான்காவது, விளிம்புக்குப் பத்தடிக்குள் யாரும் போகக்கூடாது. ஒன்பதாவது, எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரும் தனியாகப் பிரிந்து போகக்கூடாது. பன்னிரண்டாவது, சோறு கொண்டுபோகக்கூடாது, தூக்கம் வரும். ரொட்டியும் கட்டச்சம்பலும் போதும். விசிலுக்கு மட்டும் தனிப் பக்கம். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் நட, மூன்று ஊதினால் அட்டை. இடிக்கு, குளவிக்கு, தலைசுற்றுக்கு என்று சட்டம் வளர்ந்து இருபத்தேழில் வந்து நின்றது. சிறுத்தை வந்தால் என்ன செய்வது என்று தங்கச்சி கேட்டதற்கு அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அது பெரும்பாலும் வராது" என்று எழுதினார்.

முதலாம் சட்டம் அம்மாவைத்தான் படுத்தியது. அம்மா பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகும்போது தவிரச் செருப்புப் போட்டதில்லை. அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சரிடம் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி இரவல் வாங்கி வந்தார். டீச்சரின் பாதம் பெரியது. நுனியில் பழைய பேப்பரை அடைத்துப் போட்டுக்கொண்டு அம்மா வாசலில் நடந்து காட்டினார். மாட்டுக்கு லாடம் அடித்தது போல இருக்கிறது என்று தன்னைத்தானே சொல்லிச் சிரித்தார்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது, கயிறு. எல்லோரையும் இடுப்பில் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அப்பா மாட்டுப்பட்டியிலிருந்து ஒரு நீளக் கயிறு கொண்டுவந்தார். மூன்று தடவை கழுவியும் சாண வாசம் போகவில்லை. இந்தக் கயிற்றால்தான் வினை வந்தது.

பாதுகாப்பாக ஏற வேண்டுமென்றால் ஒத்திகை வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. எங்கள் பக்கம் தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் சொல்வோம். ஒன்றாம் நம்பர் மலை, இரண்டாம் நம்பர் மலை என்று. ஆகச் செங்குத்தானது ஏழாம் நம்பர். மூன்று ஞாயிறு, பூசை முடிந்ததும் அங்கே போனோம். கயிற்றின் ஒரு நுனியை அப்பா பிடித்தார், மறு நுனியைத் தங்கச்சி பிடித்தாள். வளைவுக்கு வளைவு அடையாளத்துக்கு வெள்ளைத் துணி கட்டிய குச்சி ஊன்றினோம். எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை இளைக்கிறது என்று தெரிய, அப்பா காலடியை எண்ணிக்கொண்டே ஏறி "இருபது!" என்று கத்துவார். நான் புத்தகத்தில் இருபது என்று எழுதுவேன்.

கீழே தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசல்களில் சனம் நின்று பார்த்தது. தமாஷ் பார்க்கிறார்கள் என்று நினைத்தோம். நீங்களே சொல்லுங்கள், லீவு நாளில் ஒரு கணக்கப்பிள்ளை கயிறும் புத்தகமும் வெள்ளைக் குச்சியுமாகத் தேயிலைக்குள் ஏறினால் தோட்டத்து ஆட்கள் என்ன நினைப்பார்கள்?

மூன்றாவது ஞாயிறுக்கு மறுநாள் காலை பெரட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வேலைக்குப் பேர் கொடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். ஏழாம் நம்பர் மலையை அளந்து யாருக்கோ விற்கப் போகிறார்கள், கணக்கப்பிள்ளை குடும்பத்தோடு கள்ளத்தனமாக அளக்கிறார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. பின்னேரம் யூனியன் தலைவர் நாலு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மழையோ வெயிலோ கையில் குடையில்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அம்மா கொடுத்த பால் விடாத சாயத்தண்ணியை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"கணக்கப்பிள்ள அய்யா, மறைக்காமச் சொல்லுங்க. மலைய யாருக்குக் குடுக்கப் போறாங்க?"

"யாருக்கும் இல்ல தலைவரே. நாங்க குடும்பமா மொட்டமலைக்கு ஏறப் போறம். அதுக்குத்தான் பழகுனோம்."

"ஏறி?"

"ஏறிப் பாத்துட்டு எறங்கிருவம்."

தலைவர் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நாள் சம்பளத்துக்குப் பேர் போடுறாங்கன்னுதான் அய்யா நாங்களே மலை ஏறுறம். சும்மா ஏறுறதுக்கு யாராச்சும் கயித்தோட பழகுவாங்களா? புள்ளைக்குச் சொல்ற கதைய எங்களுக்குச் சொல்லாதீங்க."

அப்பா செக்ரோல் புத்தகத்தைக் கொண்டுவந்து இருபத்தேழு சட்டத்தையும் சத்தமாக வாசித்தார். அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு எழுதியிருந்தால் இதற்குப் பின்னால் கட்டாயம் துரை இருக்கிறார் என்றார் ஒருவர். துரையும் மறுநாள் அப்பாவை ஒபிசுக்குக் கூப்பிட்டார். உள்ளே நடந்ததை அப்பா சொல்லவில்லை. ஒபிஸ் பியோன் ஊருக்கே சொன்னார். துரை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, "குடும்பத்துக்கு இவ்வளவு யோசிக்கிறவர் என்னுடைய கான்களுக்கு ஏன் யோசிக்கவில்லை?" என்று கேட்டாராம். வழுக்குகிற இடங்களைப் பற்றிய ஐந்தாம் ஆறாம் சட்டங்கள் அந்த வாரமே நோட்டீஸ் பலகையில் ஏறின.

கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார். தலைவர் மறுபடி வந்தபோது, "நம்பிக்கை இல்லாட்டி நீங்களும் எங்ககூட வந்து பாருங்க அண்ணே" என்றார். தலைவர் ஒத்துக்கொண்டார். ஏழாம் நம்பரில் வேலைக்கு மறுபடி பேர் விழுந்தது. இப்படியாக எங்கள் குடும்பப் பயணத்துக்கு ஒரு யூனியன் சாட்சியும் சேர்ந்தது.

அந்த நாளும் வந்தது. இரத்தோட்டையிலிருந்து பல்லேகம போகிற முதல் பஸ். சவர்க்காரம் தேய்த்த சொக்ஸ், உப்புப் பொட்டலம், ரொட்டி மூட்டை, மாட்டுக்கயிறு. பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மேலே வளைவில் இறங்கியபோது ஏழு மணிகூட ஆகவில்லை. வானம் துடைத்துவைத்தது போல இருந்தது. உச்சிப் புல் வெயிலில் மினுங்கியது. அம்மா அதை அண்ணாந்து பார்த்தபடியே முக்காட்டை இறுக்கிக் கட்டினார்.

அப்பா பேர் கூப்பிட்டார். நான்கு பேருக்குப் பேர் கூப்பிட என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நாங்கள் ஒவ்வொருவரும் "இருக்கேன்" சொல்ல வேண்டும். பிறகு கயிறு கட்டினார். தலைவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"தொழிலாளியக் கயித்துல கட்டுறதா? நாளைக்கு நான் ஆளுங்க மொகத்துல முழிக்கிறதில்லையா?"

அவர் குடையோடு பின்னால் வந்தார். நூறு காலடிக்கு ஒருமுறை விசில். நின்று, அட்டை பார்த்து, பேர் கூப்பிட்டு, மறுபடி இரண்டு விசில். தங்கச்சிக்கு மூத்திரம் வந்தபோது கயிற்றை அவிழ்க்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் நாங்கள் எல்லோரும் நின்று மரங்களைப் பார்த்தோம். ஒரு மணித்தியாலம் ஆனதும் தலைவர் குடையை ஊன்றி நின்றார். மணிக்குப் பத்து நிமிடம் இளைப்பாற வேண்டும் என்றார். அப்பா ஐந்து தரலாம் என்றார். முதலில் கேட்டபோது தலைவருக்கு இளைக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன், யூனியன் பழக்கதோஷம். பேசிப் பேசி எட்டில் வந்து ஒத்துக்கொண்டார்கள். பேசி முடிக்கப் பதினைந்து நிமிடம் போயிருந்தது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் பின்னால், மலைக்கு அந்தப் பக்கம் லக்கலையில் இருக்கிற பெண் ஒருவர் மேலேயிருந்து இறங்கி வந்தார். வெறுங்கால், இடுப்பில் பிள்ளை, தலையில் சாக்கு. எங்களையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார், "சுறுக்கா ஏறுங்க, ஒன்பதுக்குப் பிறகு பனி வந்து மூடிரும், கையக்கூடக் காண ஏலாது." அப்பா நன்றி சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். இருபத்தேழு சட்டத்தில் பனிக்கென்று ஒன்றுகூட இல்லை. பகலானால் பனி மூடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அம்மா அதற்குள் டீச்சரின் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அப்பா பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். உச்சி இன்னும் தெளிவாகத்தான் தெரிந்தது.

"என்னாங்க," என்றார் அம்மா, "கயித்த அவுத்து விட்டீங்கன்னா நான் முன்னுக்குப் போயி ஒருக்காப் பாத்துட்டு நிப்பேன். நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மெதுவா வாங்களேன்."

அம்மாவால் முடியும். முக்கால் மணியில் உச்சிக்குப் போயிருப்பார். அப்பா மலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.

"ஒன்பதாவது சட்டம் இருக்கே" என்றார்.

அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, தங்கச்சியின் சொக்ஸை மடித்து அட்டை பார்த்தார். அந்த இடத்தில் அப்பா மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபது. பனி எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. தலைவரின் குடை தெரிந்தது, தலைவரைத் தெரியவில்லை. இருபத்தேழாவது சட்டப்படி உச்சியில் இருபது நிமிடம்தான். இரண்டு மணிக்கு வருகிற பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. அம்மா தோட்டம் இருக்கிற திசைக்கு முகத்தை வைத்து, கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு, புல்லில் உட்கார்ந்துவிட்டார். ரொட்டியைக் கையில் கொடுத்தோம். அது அப்படியே இருந்தது.

இருபது நிமிடம் முடிந்தது. அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிசம் பாப்பம்" என்றார். அந்தப் பத்தும் முடிந்தது. "இன்னொரு பத்து." அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து தலைவரும் கேட்டதில்லை. நான்காம் தடவை தலைவர், "அய்யா, பஸ்ஸு" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, தன்னுடைய நான்காம் சட்டத்தையும் மீறி விளிம்புப் பக்கம் போய் நின்றார். கையை வெள்ளைக்குள் நீட்டினார்.

"இந்தாம்மா, இங்க வா. அந்தா, அங்கதான் பிள்ளக்காம்பரா. தகரம் தெரியுதா? அதுக்குக் கீழ ஆறு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பாக்டரி. இந்தப் பக்கம் நம்ம கோயிலு."

அம்மா எழுந்து போய் அவர் விரல் போன வழியே பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இல்லங்க அய்யா, கோயிலு இன்னும் கொஞ்சம் சோத்துக்கைப் பக்கம். நீங்க காட்டுறது ஏழாம் நம்பரு."

"தலைவரே, நான் பிளான் படம் பாத்திருக்கேன்."

"நான் அங்க பொறந்திருக்கேன்."

ஒன்றுமே தெரியாத அந்தப் பனிக்குள் இரண்டு பேரும் நின்று, கோயில் எங்கே, பாக்டரி எங்கே, எந்த லயத்துக்குப் பக்கத்தில் பலாமரம் என்று அரைமணி நேரம் சண்டை பிடித்தார்கள். அம்மா இருவருக்கும் மாறி மாறி "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். நானும் தங்கச்சியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். பனி ஈரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஏற நாலரை மணித்தியாலம் எடுத்த மலையை ஒரு மணித்தியாலத்தில் இறங்கினோம். விசில் இல்லை, பேர் கூப்பிடவில்லை, அட்டை பார்க்கவில்லை. அப்பா தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தலைவர் வழுக்கி, குடையின் மேலேயே உட்கார்ந்து பத்தடி போனார். பஸ் வளைவில் திரும்புகிற நேரம் நாங்கள் ஐந்து பேரும் றோட்டில் விழுந்தோம். வீட்டில் எண்ணிப் பார்த்தபோது அப்பாவின் காலில் மட்டும் பதினேழு அட்டை.

அன்று பின்னேரம் அப்பா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அறிக்கை எழுதினார். பிறகு பல வருடம் அதை நான் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். "அனைவரும் நலமாகத் திரும்பினர். மலையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பிழை என்னுடையது." அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, "அடுத்த வருடம் ஐந்து மணிக்கே ஏறத் தொடங்க வேண்டும். கயிறு வேண்டாம்." பெரட்டுக்களத்தில் தலைவர், மலையை யாருக்கும் விற்கவில்லை, அய்யா குடும்பம் பனியைப் பார்த்துவிட்டு வந்தது, அதற்கு நானே சாட்சி என்று சொன்னாராம். அம்மா யாரிடமும் ஒன்றும் குறைசொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "நல்லாத் தெரிஞ்சிச்சு" என்றார்.

அடுத்த வருடம் அப்பாவை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த வருடம் எனக்குப் பரீட்சை. பிறகு மாத்தளை டவுனுக்குக் குடிவந்தோம். ஒவ்வொரு வருடமும் மழை விட்டதும் அப்பா, "இந்தத் தடவை கட்டாயம் போவணும்" என்பார். சொல்லிக்கொண்டேயிருந்து போய்ச் சேர்ந்துவிட்டார். தலைவர் கொழும்புப் பக்கம் மகனோடு இருப்பதாகக் கேள்வி. இருக்கிறாரா என்றும் தெரியாது.

பாக்டரியை மூடினார்கள். சனம் ஒவ்வொரு குடும்பமாக இறங்கியது, சிலர் டவுனுக்கு, சிலர் சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் வேலைக்கு. தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாய் வளர்ந்து, பிறகு காட்டோடு காடாகிவிட்டது. லயங்களுக்குக் கூரை இல்லை. பிள்ளைக்காம்பரா இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் வெடித்துக் கிடக்கிறது. அதையும் போன தடவை புல்லை விலக்கித்தான் கண்டுபிடித்தேன்.

இப்போது மொட்டைமலைக்குப் பாதி தூரம் வரை வாகனம் போகிறது. வெள்ளனப் போனால் பனியும் இருக்காது என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் இருந்தாலும் பிடித்து ஏற்றிவிடலாம். போன மாதம் கேட்டேன், "அம்மா, ஒரு காலையில உங்களக் கூட்டிட்டுப் போகவா? இந்தத் தடவ நல்லாத் தெரியும்."

அம்மா பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்லொன்றை எடுத்து எறிந்துவிட்டுச் சொன்னார்.

"இனி அங்க ஏறி என்னாத்தப் பாக்குறது?"